பதுளையில் எத்தனை ஹம்ஸியா?

பதுளையில் ஒரு மனுசிக்கு இலவசமாக நல்லது செய்ய ஆசை வந்தால், முதலில் அவள் நல்லவள்தான் என்று நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். கெட்டது செய்யப் போகிறவனிடம் யாரும் ஒரு துண்டுக் கடுதாசிகூடக் கேட்பதில்லை. இதை நான் தெரிந்துகொண்டது அறுபத்தொன்பதாம் வருடம். அதற்கு முன்னால் எனக்கு இவ்வளவு கோபம் வருமென்று எனக்கே தெரியாது.

என் பெயர் ஹம்ஸியா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்காரர் பலீலுக்கு பஸார் வீதியில் புடவைக் கடை, விடுமுறை நாட்களில் நானும் கடையில் நிற்பேன். அந்த வருடம் சித்திரைப் புதுவருடத்துக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். தாய் கருப்பம்மா, பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. மகள் வடிவம்மா, நமுனுகுலப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மகளுக்குப் பயணச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். நான் சேலையை விரித்துப் போட்டேன். கருப்பம்மா அதைப் பார்க்கவில்லை, விரலால் தடவினாள்.

"இது என்னா கலருங்க?" என்றாள்.

அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினது போலப் புரை.

"எங்கம்மா பயணம்?" என்று மகளைக் கேட்டேன். தாய்தான் பதில் சொன்னாள்.

"இந்தியாவுக்குங்க. மருமகன் குடும்பத்துக்கு அங்கிட்டு பாஸ்போட்டு வந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்கையில எங்க பேர இங்கிட்டுன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. அவ அங்கிட்டு, நான் இங்கிட்டு. அடுத்த மாசம் பதுளை டேசன்ல கோச்சி ஏறுறாங்க."

இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசித் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. ஒரே லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவுக்குக் கப்பல், பக்கத்துக் காம்பராவுக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடை.

"இவ கல்யாணத்தப்பவே எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. தாலி ஏறுன மொகத்த நான் பாக்கவே இல்ல. போறதுக்குள்ள ஒருக்காப் பாத்துட்டாப் போதும்."

இன்னும் அரை யார் ரவிக்கைத் துணி வெட்டுங்கள் என்று சொல்வதைப் போல அவள் அதைச் சொன்னாள். வடிவம்மா சேலைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.  அன்று கடையில் நான் யாருக்கும் சரியாக மிச்சக் காசு கொடுக்கவில்லை என்று பலீல் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

மறுநாள் மாதர் தொண்டர் சங்கக் கூட்டம். தலைவி ராமாமிர்தம் அக்கா, இரும்புக் கடைக் குடும்பம், குரலும் இரும்பு. அவர் எழுந்து, "புதுவருசம் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை கொழும்பிலேருந்து ஒரு கண் டாக்டர் பதுளைக்கு வர்றார். இலவசமாப் பாக்குறார். வேணும்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ஒப்பரேசனும் செய்வாராம். ஆள் சேத்துக் கொடுக்கத் தொண்டர்கள் வேணுமாம்" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். "நான் போறேன் அக்கா! பூனாகலைக்கு நான் போறேன்!"

"உக்காருங்க டீச்சர், இன்னும் முடிக்கல. முதல்ல கந்தோருக்குப் போய்ப் பதியணும்."

அந்த அரசாங்கக் கந்தோரில்தான், கிளார்க் மேசையில், சுந்தரலிங்கம் இருந்தார். நல்ல மனுசன், அதில் சந்தேகமில்லை. ஆனால் படிவத்தில் ஒரு கோடு காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தொண்டர் என்று பதிய எங்களுக்கு என்ன வேண்டும் தெரியுமா? படம். கிராம சேவகரிடம் நற்சான்று. பொலிஸில் ஒரு கடிதம். எங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு டாக்டரின் சான்று! ராமாமிர்தம் அக்காவின் கிராம சேவகர் அவருடைய சொந்தக் கொழுந்தனார். அவர் தன் அண்ணியையே எதிரில் நிற்க வைத்து, "உங்களை எத்தனை வருசமாத் தெரியும்னு எழுதட்டும்?" என்று கேட்டாராம். "உனக்கு மூக்கு ஒழுகுன காலத்துலேருந்துன்னு எழுது" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தார்.

கையில் கட்ட வெள்ளை நாடா கொடுத்தார்கள். அதில் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இருக்கிற அலுமாரியின் திறப்பு இன்னொருவரிடம். அந்த இன்னொருவர் லீவில். நான் மூன்று தரம் போய் வந்தேன். மூன்றாம் தரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரர் தன் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அதில் கால்நடை என்று இருந்தது. போகட்டும், முத்திரை முத்திரைதானே.

இத்தனையும் முடிந்த பிறகுதான் சுந்தரலிங்கம் பெரிய குண்டைப் போட்டார். "வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள இருவது நோயாளருக்குப் போம் நிரப்பி வரணும் டீச்சர். ஒவ்வொண்டும் நாலு பிரதி. இருவது இல்லையெண்டா டாக்டரை வேற ஊருக்குத் திருப்பிடுவாங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருடம்! வடிவம்மா அடுத்த மாதம் போகிறாள்!

கொழும்புக்கு டிரங்க் கோல் போட்டுக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று தபால் கந்தோரில் அரை நாள் காத்திருந்தேன். லைன் கிடைத்தது. நான் பேசத் தொடங்கியதும் வெலிமடையில் உருளைக்கிழங்கு விலை பேசுகிற ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். நான் கண்ணைப் பற்றிக் கத்த, அவர் கிழங்கைப் பற்றிக் கத்த, கொழும்புக்காரர் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் கிழங்கு வியாபாரிதான், "டாக்டர் வருவாரு, மனச விட்றாதீங்க தங்கச்சி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். என் அண்ணன் பாறூக் நானாவின் வேன். நானாவுக்கு வேனும் சொந்தம், மைக் செட்டும் சொந்தம். அந்த மைக் செட்டைப் பழைய ரேடியோச் சாமான்களைக் கொண்டு அவரே செய்திருந்தார். கல்யாண வீடுகளில் அது பாடியதைவிட இருமியதுதான் அதிகம். முன்னால் நானாவும் நானும், பின்னால் ராமாமிர்தம் அக்காவும், மடியில் படிவக் கட்டோடு சுந்தரலிங்கமும். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையில்தான் படிவம் நிரப்பலாமாம், அதனால் அவரும் வந்தார், கழுத்தில் டை கட்டிக்கொண்டு.

எல்லவைத் தாண்டி ஏற்றத்தில் வேன் இரண்டு தரம் நின்றது. "நானா, இது ஓடுமா?"

"வாய மூடிட்டு வா. நீ கத்தினா அது பயப்படுது."

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்றார். தோட்டத்துத் துரையிடம் அனுமதியும் ஞாயிற்றுக்கிழமைக்கு லொறியும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, அதற்கு மூன்று கடிதம்.  இத்தனை பேர்! இருபது என்ன, ஐம்பது கிடைக்கும்!

நானா மைக்கைக் கொடுத்தார். சுந்தரலிங்கம் தட்டச்சு செய்த அறிவித்தலை நீட்டினார். அதை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"தோட்ட மக்களின் கவனத்துக்கு! அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வருகை தந்துள்ளார். சகலரும் தத்தமது பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், தகப்பன் பிறந்த இடம் ஆகியவற்றைப் பதிவு செய்து, பெருவிரல் அடையாளம் இட்டு..."

கீ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மைக் செத்துவிட்டது. கண் என்ற சொல் மூன்றாவது பந்தியில் இருந்தது.

நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன். வரிசை இல்லை. உண்மையாகவே இல்லை! கூடைகள் கிடந்தன, ஆட்கள் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முக்காடுகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. லயத்தில் கதவுகள் படபடவென்று சாத்துகிற சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை தராசுக் கொக்கியைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்.

"சும்மா தர்ற வைத்தியத்துக்கு இப்படி ஓடுறாங்களே! இவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று நான் குதித்தேன். "நாங்க என்ன கண்ணைத் தோண்டவா வந்தோம்?"

ராமாமிர்தம் அக்கா என்னை லயத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தன. ஒரே ஒரு வாசலில் ஒருத்தி உட்கார்ந்து, சுளகில் அரிசியைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கருப்பம்மா! கண் தெரியாமல் ஓட முடியாததால் அவள் மட்டும் மிச்சம்.

"புடவக் கட டீச்சரம்மா கொரலு மாதிரி இருக்கே?" என்றாள்.

"நான்தான் கருப்பம்மா. உனக்காகத்தானே வந்தேன்! கண் டாக்டர் வர்றாரு. ஏன் எல்லாரும் ஓடுறாங்க?"

"கண்ணு டாக்டரா?" அவள் சுளகைக் கீழே வைத்தாள். "அத யாருங்க சொன்னா? பேரு, அப்பன் பேரு, பொறந்த ஊருன்னுல்ல சொன்னீங்க. கைநாட்டு வேற. இப்புடித்தான் அன்னிக்கும் ஒரு டை கட்டுன ஐயா வந்தாரு, மருமகன் வீட்டு லயத்துல. பேர எழுதிட்டுப் போனாரு. இப்ப எம்மக போறா. பேரு எழுதுனா அனுப்பிப்புடுவாங்கம்மா. கண்ணு இல்லாட்டியும் பரவால்ல, பேர மட்டும் எழுதாதீங்க."

 பின்னாலேயே வந்து நின்ற சுந்தரலிங்கத்தின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், தகப்பன் பிறந்த இடம். கண்ணில் புரை விழுந்தவளுடைய தகப்பன் எங்கே பிறந்தால் இவர்களுக்கு என்ன? யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் கந்தோரிலோ குடியுரிமைக்குப் பேர் பதிந்த அந்தப் பழைய படிவத்தையே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டான்.

"நானா! மைக்க சரி பண்ணு! பேர் வேணாமெண்டு சொல்லணும்!"

நானா மைக் பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், ஊதினார், கடைசியில் திட்டினார். அது அசையவில்லை. மணி ஒன்று தாண்டிவிட்டது. பின்னேரம் கந்தோர் பூட்டுவதற்குள் பதுளைக்குத் திரும்ப வேண்டும்.

கணக்கப்பிள்ளையிடம் ஓடினேன். "ஐயா, எல்லாரையும் ஒரு தரம் கூப்பிட வழி இல்லையா?"

அவருக்கு எங்கள் கண் முகாம் பற்றி அக்கறையில்லை. நிறுக்காத கொழுந்து வெயிலில் வாடுகிறதே என்பதுதான் அவர் கவலை. "மைக்கு கெடக்குதும்மா. தப்ப அடிச்சா வந்துட்டுப் போறாங்க" என்று ஆளை அனுப்பினார்.

விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் வந்து நின்றால்தான் அன்றைக்கு வேலை. அந்த அடியை நட்ட நடு மத்தியானத்தில் அடித்தார்கள். பிறந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய அடி, அதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை, கால் தானாகவே வந்துவிடும். செடிக்குள் இருந்து ஒரு முக்காடு, பிறகு நாலு, பிறகு நாற்பது. கதவுகள் திறந்தன. என்னைக் கண்டதும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள், ஆனால் நின்றார்கள்! அந்தத் தப்புக்காரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

நான் ஒரு கொழுந்துப் பெட்டி மேல் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் உட்காருகிற பிள்ளை வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. "ஞாயித்துக்கிழம பதுளையில கண் டாக்டர்! சல்லி இல்ல! லொறி வரும்! பேர் வேணாம்! யாரும் பேர் சொல்ல வேணாம்!"

ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒற்றைக் கண் வெளுத்த ரெங்கசாமி என்றவர் கையைத் தூக்கினார். "அப்ப அந்த ஐயா மடியில இருக்குற கடுதாசி என்னாத்துக்குங்க?"

எல்லாரும் சுந்தரலிங்கத்தைப் பார்த்தார்கள். சுந்தரலிங்கம் என்னைப் பார்த்தார். "பேர் இல்லாமப் போம் செல்லாது டீச்சர்" என்றார் மெதுவாக. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுதான் தொல்லை.

அப்போது எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. நிதானமாக இருந்திருந்தால் வந்திருக்காது.

"எழுதுங்க! பேர் ஹம்ஸியா, தகப்பன் பேர் இப்றாஹீம், பிறந்த இடம் பதுளை. தகப்பன் பிறந்த இடமும் பதுளைதான். என் பேர எழுதுங்க!"

"உங்களுக்குக் கண் நல்லாத்தானே இருக்கு? அதுக்குச் சான்றும் இருக்கே!"

"உங்க போம வாசிச்சு வாசிச்சு நேத்தோட கெட்டுப்போச்சு. எழுதுங்க! கருப்பம்மா, வந்து என் பக்கத்தில நில்லு. இனி நீ ஞாயித்துக்கிழம வரைக்கும் ஹம்ஸியா."

"நான் ஹம்ஸியாவா?" என்று கருப்பம்மா சிரித்தாள். களம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. "அடுத்தது யாரு? அதுவும் ஹம்ஸியாதான்!" நான் மை தடவி என் பெருவிரலை வைத்தேன். பத்து ஹம்ஸியா ஆனதும் ராமாமிர்தம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன், எம்பேருக்கு என்ன குறை? எழுதுங்க ராமாமிர்தம்னு!" என்று விரலை நீட்டினார். ஆம்பிளைகளுக்குப் பாறூக் நானா கொடுத்தார். லயத்துக்குள்ளிருந்து ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். யாருக்கு யார் பெயர் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, பெட்டி மேல் நின்றபடியே கை தட்டினேன்.

கடைசியாக, இருபதாவது ஆளாக, ரெங்கசாமி நின்றார். சுந்தரலிங்கம் பேனாவைத் திறந்தபடி அவருடைய வெளுத்த கண்ணை வெகு நேரம் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல், தன் அழகான கையெழுத்தில் சுந்தரலிங்கம் என்று எழுதி, தன் விரலை மையில் அழுத்தினார். உடனே பதுளைக்குத் திரும்பினோம். கந்தோர் பூட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் டாக்டர், "ஹம்ஸியா" என்று கூப்பிட்டார். பத்துப் பேர் எழுந்தார்கள், அதில் மூவருக்கு மூக்குத்தி; தன் பெயர் பாறூக் என்பதை மறந்து மீசைக்காரர் ஒருவரும் எழுந்தார். டாக்டர் சிங்களவர், வயது போனவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பதுளையில் எத்தனை ஹம்ஸியா?" என்று சிங்களத்தில் கேட்டார். ராமாமிர்தம் அக்கா ஓடிப்போய் அவர் காதில் விசயத்தைச் சொன்னார். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு, "எனக்குக் கண்தான் வேண்டும், பேர் எதற்கு? வரச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கருப்பம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒப்பரேசன் முடிந்தது. கட்டு அவிழ்க்கிற நாளும் வடிவம்மா கோச்சி ஏறுகிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. வடிவம்மாவுக்கு ஆள் அனுப்பினேன்: கோச்சி பின்னேரம்தானே, மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, உன் அம்மா உன்னைப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் விடாததுமாக நான் ஓடினேன்.

கருப்பம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்கதானா அது? கொரலுக்கு ஆளு பெருசா இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். தெரிகிறது! தெரிகிறது அவளுக்கு!

"வடிவு வந்தாளா?"

"இன்னும் வரலைங்க."

மணி நாலரை ஆகியிருந்தது.  வாசல் காவல்காரரிடம் ஓடினேன்.

"ஒரு பொண்ணு வந்துச்சு டீச்சர், அழுதுகிட்டு. கருப்பம்மாவப் பாக்கணும்னுச்சு. புத்தகம் பூராத் தேடினேன், கருப்பம்மான்னு யாருமில்லை. ரொம்ப நேரம் நின்னுச்சு. கோச்சிக்கு நேரமாச்சுன்னு போயிருச்சு."

புத்தகத்தில் கருப்பம்மா எப்படி இருப்பாள்? அவள்தான் ஹம்ஸியா ஆயிற்றே! அந்தச் சங்கதியை வடிவம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமென்று என் கெட்டிக்கார மண்டைக்குத் தோன்றவில்லை. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அழ நேரமில்லை.

"கருப்பம்மா, எழும்பு! டேசனுக்குப் போறோம்!"

வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டுமாம். தாதி கட்டில் அட்டையைப் பார்த்தாள், நான் போட்ட கையெழுத்தைப் பார்த்தாள். "நோயாளியும் ஹம்ஸியா, கூட்டிப் போறவங்களும் ஹம்ஸியாவா?"

"ஒரே குடும்பம்!" என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

நானா வேனோடு வாசலில் நின்றார். வேன் கிளம்பவில்லை. கிளம்புமா? அன்றைக்கென்றால் கிளம்பவே கிளம்பாது! காவல்காரர், இரண்டு சிற்றூழியர்கள், வெற்றிலைக் கடைக்காரர், வழியில் போன ஒரு பொலிஸ்காரர் என்று எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். இறக்கத்தில் அது இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. உள்ளே கருப்பம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கடைகளையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம்புட்டு சனம்! எம்புட்டு கலரு!" என்றாள். நான் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

ஸ்டேசனில் கால் வைக்க இடமில்லை. தோட்டம் தோட்டமாக வந்து வழியனுப்புகிறார்கள். டிரங்குப் பெட்டி, சட்டி முட்டி, கூண்டுக்குள் கோழி, எங்கும் அழுகை. கோச்சியின் ஒவ்வொரு ஜன்னலிலும் நாலு தலை, வெளியே நாற்பது கை. கார்ட் பச்சைக் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். நானா வேனின் மைக்கைப் போட்டார். அந்த எழவு பிடித்த மைக் அன்றைக்கென்று மணி மாதிரிப் பேசியது! "வடிவம்மா! வடிவம்..."

"நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் கருப்பம்மா.

"என்ன?"

"சத்தம் போடாதீங்க டீச்சரம்மா. இம்புட்டு நாளா கொரலக் கேட்டுத்தான் அவளத் தேடினேன். இன்னிக்கி நான் பாத்துக் கண்டுபுடிக்கிறேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. கோச்சி போகப் போகிறது, இவள் பார்த்துக் கண்டுபிடிக்கப் போகிறாளாம்! கத்த வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கையைக் காட்டி நானாவை நிறுத்தச் சொன்னேன்.

கருப்பம்மா என் கையை விட்டாள். கூட்டத்துக்குள் புகுந்து ஜன்னல் ஜன்னலாக நடந்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் கிட்டப் போய், அண்ணாந்து, கண்ணாடிக்குள்ளால் உற்றுப் பார்த்தாள். இல்லை. அடுத்தது. இல்லை. வேறு யாரோ ஒருத்தி தன் தாய் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். கார்ட் விசில் ஊதினார். 

ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். உள்ளே ஒரு பெண் சேலைத் தலைப்பால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பார்க்க முகமே இல்லை. கருப்பம்மா எப்படித் தெரிந்துகொண்டாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஏ வடிவு" என்றாள். "தலைய நிமுறு. நான் பாக்கணும்."

தலைப்பு விலகியது. வடிவம்மாதான். கருப்பம்மா ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை விட்டு மகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, கண், மூக்கு, கழுத்தில் மஞ்சள் கயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கறுத்துப் போயிட்டியேடி" என்றாள்.

வடிவம்மா அழுதுகொண்டே சிரித்தாள். கோச்சி நகர்ந்தது. கருப்பம்மா கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். மேடை முடிகிற இடத்தில் நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே வடிவம்மா தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். கருப்பம்மா அழவில்லை. இமை தட்டினால் ஒரு நொடி நட்டமாகிவிடும் என்பது போல, இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியுது" என்றாள். "இன்னும் தெரியுது டீச்சரம்மா. கையக் காட்டுறா. இன்னும் தெரியுது."

எனக்குக் கண் நிறைந்துபோய் எதுவுமே தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன்.